ரேட் பார்த்துப் பணம் அனுப்புகிறவர்கள்

வெளிநாட்டில் வேலை பார்த்த வருடங்களில், சம்பளம் வந்த அன்று நான் முதலில் பார்ப்பது ரேட், அதாவது அந்தப் பணத்துக்கு ஊரில் எத்தனை ரூபாய் கிடைக்கும் என்பது. நான் மட்டுமில்லை, அறையில் இருந்த ஐந்து பேரும் அப்படித்தான். "இன்னைக்கு எவ்வளவு போகுது?" என்று ஒருவர் கேட்பார், இன்னொருவர் போனைப் பார்த்துச் சொல்வார், உடனே கணக்கு ஆரம்பித்துவிடும். வீட்டில் வட்டி கட்ட வேண்டியவர் அன்றைக்கே அனுப்பிவிடுவார். அவசரம் இல்லாதவர் "ரெண்டு நாள் பொறு, ஏறும்" என்பார். அப்போதெல்லாம் ரேட் என்பது மழை வெயில் மாதிரி, நம் கையில் இல்லாத ஒன்று என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். "இன்னைக்கு அனுப்பலாமா, பொறுக்கலாமா" என்று இப்படி லட்சக்கணக்கான அறைகளில் எடுக்கிற முடிவுதான் ஒரு சின்ன நாட்டின் ரேட்டையே ஆட்டி வைக்கிறது என்பது ஊர் திரும்பிய பிறகு உட்கார்ந்து படித்தபோதுதான் புரிந்தது. அன்றிலிருந்து இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப் போட்டு இன்றைக்கு எழுதுகிறேன்.

பெரிய நாடுகளில் இது அவ்வளவாகக் கண்ணில் படாது. உலகிலேயே அதிகமாக வெளிநாட்டுச் சம்பளம் வந்து சேர்வது இந்தியாவுக்குத்தான், ஆனாலும் அந்நாட்டின் மொத்த உற்பத்தியோடு வைத்துப் பார்த்தால் அது 3 சதவீதத்தை ஒட்டி நிற்கும். நேபாளத்தில் இதுவே ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. எல் சால்வடாரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். தஜிகிஸ்தானில் 2013 வாக்கில் பாதியைத் தொடுகிற அளவுக்குப் போயிருந்தது. இலங்கையில் சதவீதமாகப் பார்த்தால் குறைவுதான், ஆனால் 2020இல் அங்கே வந்த 710 கோடி டாலர் அந்த நாட்டின் தேயிலை ஏற்றுமதி வருமானத்தைப் போல ஐந்து மடங்குக்கும் அதிகம். தேயிலைக்குப் பேர் போன நாட்டின் நிலை இது.

சரி, இந்தப் பணம் ரேட்டை எப்படித் தொடுகிறது? ஒரு 300 டாலரைப் பின்தொடர்ந்து போவோம்.

அனுப்பியவர் கொடுத்தது டாலரோ ரியாலோ திர்ஹமோ, வீட்டுக்குப் போய்ச் சேர்வது உள்ளூர் ரூபாய். நடுவில் வங்கி அந்த டாலரை வைத்துக்கொண்டு தன்னிடம் இருந்த ரூபாயைக் கொடுக்கிறது. அந்த டாலரை எண்ணெய் இறக்குமதி செய்கிறவரோ மருந்து இறக்குமதி செய்கிறவரோ வாங்கிக்கொள்கிறார். இப்படி வருகிற டாலர் கேட்கிறவர்களின் தேவையைவிட அதிகமாக இருந்தால் டாலர் மலிவாகும், அதாவது ரூபாய் பலமாகும். மத்திய வங்கி நடுவில் புகுந்து மிச்ச டாலரை வாங்கிக் கையிருப்பில் சேர்த்தால் ரேட் அப்படியே நிற்கும், ஆனால் அதற்குக் கொடுத்த ரூபாய் நாட்டுக்குள் புழங்க ஆரம்பிக்கும். இந்த அளவுக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது.

அதற்கு அப்புறம் நடப்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வீட்டில் ரூபாயாக வாங்கியவர் அதை எதில் செலவழிக்கிறார்? போன் வாங்கினால், பைக் வாங்கினால், அந்த டாலர் வந்த வழியே திரும்பிப் போய்விடும், ரேட்டுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. வீடு கட்டினால் கதை வேறு. கொத்தனாரையும் மணலையும் மனையையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வர முடியாது. இருக்கிற கொத்தனார்களில் பாதிப் பேர் ஏற்கெனவே வெளிநாட்டில்தான் இருக்கிறார்கள், மிச்சம் இருப்பவர்களின் கூலி ஏறும். மனை விலை ஏறும், வாடகை ஏறும், டியூஷன் ஃபீஸ் ஏறும். டாலர் ரேட் ஒரு பைசாகூட நகராமல் அந்த நாடு விலை ஏறிய நாடாகிவிடும். பொருளாதாரக்காரர்கள் இதை உண்மை மாற்று விகிதம் என்கிறார்கள். பலகையில் எழுதிப் போடுகிற ரேட் ஒன்று, அந்தப் பணத்துக்கு உள்ளே என்ன வாங்க முடியும் என்கிற ரேட் இன்னொன்று.

நேபாள ரூபாய் 1993இலிருந்து ஒரு இந்திய ரூபாய்க்கு 1.60 என்றே கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. எல் சால்வடார் 2001இல் தன் சொந்த நாணயத்தையே ஓரமாக வைத்துவிட்டு அமெரிக்க டாலருக்கு மாறிவிட்டது. இந்த இரண்டு இடத்திலும் "பணம் வந்ததால் ரேட் மாறியதா?" என்று பலகையைப் பார்த்துக் கேட்டால் பதிலே கிடைக்காது, விலைவாசியில்தான் தேட வேண்டும். காட்டலினா அமுவெடோ-டோரன்டெஸ், சூசன் போஸோ என்று இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் லத்தீன் அமெரிக்க, கரீபிய நாடுகள் 13ஐ எடுத்துப் பார்த்து 2004இல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு: வெளிநாட்டிலிருந்து வருகிற பணம் இரண்டு மடங்கானால் உண்மை மாற்று விகிதம் சுமார் 22 சதவீதம் பலமாகிறது என்று. கேட்க நல்ல செய்தி போல இருக்கும். ஆனால் அந்த நாட்டில் சட்டை தைத்து வெளிநாட்டுக்கு விற்கிறவரின் நிலையைப் பாருங்கள். அவருக்குக் கூலி, வாடகை, லாரி செலவு எல்லாம் ஏறிவிட்டது, வெளிநாட்டில் வாங்குகிறவர் மட்டும் பழைய டாலர் விலையைத்தான் தருவார். கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டு ஒருநாள் மூடிவிடுவார். அங்கே வேலை பார்த்தவர்கள் அடுத்து பாஸ்போர்ட் எடுக்கிறார்கள். அவர்களும் பணம் அனுப்புகிறார்கள். இந்தச் சுழற்சியை நினைத்தால் எனக்கு மனது கனத்துப் போகும், ஏனென்றால் இதில் யாரும் தப்பு செய்யவில்லை. அம்மாவுக்கு வீடு கட்டிக் கொடுப்பதில் என்ன தப்பு இருக்கிறது?

இதற்கு டச்சு நோய் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் 1959இல் எரிவாயு கிடைத்து, அந்த வருமானத்தில் நாணயம் பலமாகி, மற்ற தொழில்கள் நொடித்ததை வைத்து 1977இல் ஒரு பத்திரிகை சூட்டிய பெயர். வெளிநாட்டுச் சம்பளத்தையும் அதே பட்டியலில் தூக்கிப் போடுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. எரிவாயுப் பணம் அரசுக்கும் நாலைந்து கம்பெனிக்கும் போகும். இந்தப் பணம் லட்சக்கணக்கான வீட்டுக்கு நேராகப் போகிறது, அதில் பிள்ளை படிக்கிறது, கடன் அடைகிறது, நிலநடுக்கமோ வெள்ளமோ வந்தால் அரசுக்கு முன்னால் அதுதான் வந்து நிற்கிறது. அதை நோய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அனுப்புகிற நாட்டின் நாணயம். தஜிகிஸ்தான், கிர்கிஸ்தான் ஆட்கள் பெரும்பாலும் ரஷ்யாவில் ரூபிளில் சம்பாதிக்கிறார்கள். 2014இல் எண்ணெய் விலை சரிந்து, கூடவே பொருளாதாரத் தடைகளும் சேர்ந்ததில், ஆண்டின் நடுவில் டாலருக்கு 35க்குள் இருந்த ரூபிள் டிசம்பரில் ஒருநாள் 80ஐத் தொட்டுவிட்டு வந்தது. கட்டட வேலைக்காரர் அதே செங்கல்லைத்தான் சுமந்தார், அதே ரூபிளைத்தான் வாங்கினார், டாலர் கணக்கில் அது பாதியாகிவிட்டது. பணம் மெலிந்ததும் அவர்கள் நாட்டு நாணயமும் கூடவே இறங்கியது: 2013 இறுதியில் டாலருக்கு 4.8 என்று இருந்த தஜிகிஸ்தானின் சோமோனி 2015 இறுதியில் 7க்கு வந்து நின்றது. தன் எல்லைக்குள் ஒன்றுமே நடக்காமல் ஒரு நாட்டின் ரேட் விழுந்தது. ஒரே நாட்டை நம்பி ஆட்களை அனுப்பினால் வருகிற வினை இது.

இப்போது இலங்கைக்கு வருகிறேன். இந்த விஷயத்தில் இதைவிடத் தெளிவான பாடம் சமீபத்தில் வேறெங்கும் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை, அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

2021இன் கடைசி மாதங்களில் இலங்கை மத்திய வங்கி டாலரை 200 முதல் 203 ரூபாய்க்குள் இறுக்கிப் பிடித்து வைத்திருந்தது. சுற்றுலா வருமானம் கொரோனாவில் போய்விட்டது, பழைய கடன்களின் தவணை வரிசையாக வந்துகொண்டிருந்தது, டாலர் இல்லை, ஆனால் ரேட் மட்டும் அப்படியே. வெளிச்சந்தையில் டாலர் 240 வாக்கில் போய்க்கொண்டிருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 டாலரை வங்கி வழியாக அனுப்பினால் வீட்டுக்கு 60,000. வங்கியைத் தொடாமல் ஆள் மூலம் பணம் போகிற உண்டியல் வழியாக அனுப்பினால் 72,000. வித்தியாசம் 12,000 ரூபாய், மாதாமாதம். வீட்டு வேலைக்காக வளைகுடா போன ஒரு பெண்ணிடம் நாட்டுப்பற்றுக்காக அந்தப் பன்னிரண்டாயிரத்தை விட்டுக்கொடு என்று யார் போய்ச் சொல்வது?

உண்டியல் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பெண் அங்கே ஒருவரிடம் திர்ஹமைக் கொடுக்கிறார். அவர் இங்கே இருக்கிற தன் கூட்டாளிக்கு ஒரு மெசேஜ் போடுகிறார். சில மணி நேரத்தில் வீட்டுக்கு ரூபாய் வந்துவிடும், சில சமயம் வாசலுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். திர்ஹம் மட்டும் அந்த நாட்டை விட்டு நகரவே இல்லை. அது அங்கேயே ஓர் இறக்குமதியாளரின் பில்லைக் கட்டும், அல்லது நாட்டை விட்டுப் பணத்தை வெளியே கொண்டுபோக நினைக்கிற ஒருவரின் கணக்கில் ஏறும். ஆக, குடும்பத்துக்குப் பணம் வந்தது. வங்கிக்கு டாலர் வரவில்லை, மத்திய வங்கிக்கு வரவில்லை, எண்ணெய்க் கப்பலுக்குக் கட்ட வழியில்லை. 'பணம் வருவது குறைந்துவிட்டது' என்று செய்தி படித்தவர்களில் பலர் அங்கே வேலை போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்தார்கள். உண்மையில் பெரும்பாலான பணம் வந்துகொண்டுதான் இருந்தது, வழி மட்டும் மாறிவிட்டது.

எவ்வளவு வேகமாக மாறியது என்பதைப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். 2021 ஜனவரியில் வங்கிகள் வழியாக வந்தது 67.5 கோடி டாலர். 2022 ஜனவரியில் 25.9 கோடி. ஆண்டுக் கணக்கில் 2020இல் 710 கோடியாக இருந்தது 2021இல் 549 கோடியாகி, 2022இல் 379 கோடிக்கு வந்துவிட்டது. நடுவில் மத்திய வங்கி என்ன செய்தது என்றால், வங்கி வழியாக அனுப்பினால் டாலருக்குக் கூடுதலாக 2 ரூபாய் தருவோம் என்றிருந்ததை 2021 டிசம்பரில் 10 ரூபாயாக்கியது. அதே 300 டாலருக்கு இப்போது 63,000. உண்டியலில் கிடைப்பதைவிட அதுவும் 9,000 குறைவு. கூடவே முறையற்ற வழியில் அனுப்புகிறவர்கள் மீது நடவடிக்கை வரும் என்று எச்சரிக்கையும் வந்தது. வீட்டுக்கு ஒழுங்காகப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் ஒரே மாதத்தில் நாட்டுக்குக் கெடுதல் செய்கிறவர்கள் மாதிரிப் பேசப்பட்டார்கள். எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிற இடம் இது. தவறான ரேட்டைப் பலகையில் எழுதி வைத்துவிட்டு, அதை நம்பாதவர்களைக் குற்றவாளி ஆக்குவது என்ன நியாயம்?

இதை நான் வரி என்றே சொல்வேன். சந்தையில் 240 பெறும் டாலரை 200க்குக் கொடு என்றால் ஆறில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். அப்படி எடுத்தது யாருக்குப் போனது? 200க்கு டாலர் கிடைத்த இறக்குமதியாளருக்கும், வெளிநாட்டுக் கடன் பத்திரத் தவணைக்கும். எந்த நாடாளுமன்றமும் 'வெளிநாட்டுத் தொழிலாளர் மீது 17 சதவீத வரி' என்று ஒரு சட்டம் போட்டிருக்க முடியாது. ரேட்டைப் பிடித்து வைத்தால் சட்டமே வேண்டாம், அதுவாக நடக்கும்.

அப்புறம் எதிர்பார்ப்பு என்று ஒன்று இருக்கிறது. எல்லாருக்கும் தெரியும் 203 நிற்காது என்று. நிற்காது என்று தெரிந்தால் யார் இன்றைக்கு அனுப்புவார்கள்? என் அறை நண்பர் சொன்ன "ரெண்டு நாள் பொறு, ஏறும்" இதுதான். ஒருவர் பொறுத்தால் ஒன்றுமில்லை. பத்து லட்சம் பேர் பொறுத்தால் சந்தைக்கு டாலர் வராது, வராததாலேயே விழும், விழுந்ததும் பொறுத்தது சரிதான் என்று ஆகிவிடும்.

2022 மார்ச்சில் பிடித்து வைத்திருந்த ரேட்டை விட்டார்கள். முதலில் 230 வரை என்றார்கள், சில நாட்களில் அந்த எல்லையும் போனது, மே மாதம் 360 வாக்கில் போய் நின்றது. அதற்குள் ஏப்ரல் 12ஆம் தேதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அறிவித்தாகிவிட்டது. 2019 இறுதியில் 760 கோடி டாலராக இருந்த கையிருப்பு மார்ச் இறுதியில் 190 கோடி, அதிலும் பெரும்பகுதி சீனாவோடு செய்துகொண்ட நாணயப் பரிமாற்றக் கணக்கு, எடுத்துச் செலவழிக்க முடியாதது. எரிவாயு வரிசை, பெட்ரோல் வரிசை எல்லாம் எல்லாரும் பார்த்ததுதான், நான் திரும்பச் சொல்ல வேண்டாம். வெளிநாட்டுச் சம்பளம் ஒன்றினால்தான் இவ்வளவும் நடந்தது என்று நான் சொல்லவில்லை. வரிக் குறைப்பு, கடன், நோட்டு அடித்தது என்று பெரிய பட்டியல் இருக்கிறது. ஆனால் மாதம் 30, 40 கோடி டாலர் வங்கிக்கு வெளியே போனது சின்னக் காரியம் இல்லை. ரேட்டைக் காப்பாற்றப் போய், அதைத் தாங்கிப் பிடித்திருந்த டாலரையே விரட்டிவிட்டார்கள்.

பங்களாதேஷும் இதே பள்ளத்தில் கொஞ்சம் காலை விட்டது. 2022 செப்டம்பரில் அங்கே வங்கிகள் சேர்ந்து வெளிநாட்டுச் சம்பளத்துக்கு டாலருக்கு 108 டாக்கா, ஏற்றுமதியாளருக்கு 99 டாக்கா என்று இரண்டு விலை வைத்தன. போதாததற்கு அரசின் 2.5 சதவீத ஊக்கத்தொகை வேறு. ஒரே டாலருக்கு ஆளைப் பார்த்து விலை என்று வந்துவிட்டாலே பலகையில் இருப்பது உண்மை ரேட் இல்லை என்று ஒப்புக்கொண்ட மாதிரிதான்.

கமிஷன் விஷயத்தையும் சொல்லாமல் விட மனசில்லை. 200 டாலர் அனுப்ப உலக சராசரியாக 6 சதவீதத்துக்கும் மேல் செலவாகிறது, 2030க்குள் 3க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்று ஐநா இலக்கு வைத்திருக்கிறது. நான் அனுப்பிய காலத்தில் ஓர் இடத்தில் 'கமிஷன் கிடையாது' என்று பெரிதாக எழுதியிருந்தது. ஒரு வருடம் அங்கேதான் அனுப்பினேன். ஒருநாள் அவர்கள் கொடுத்த ரேட்டையும் அன்றைய சந்தை ரேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கமிஷனை ரேட்டுக்குள்ளேயே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், மற்ற இடங்களைவிட அதிகமாகவே. உண்டியலை ஒழிக்க வேண்டும் என்று நினைக்கிற அரசு முதலில் இந்தச் செலவைக் குறைக்கட்டும். எச்சரிக்கை சுற்றறிக்கையைவிட அது வேலை செய்யும்.

இலங்கையில் அப்புறம் நடந்ததைச் சொல்லாவிட்டால் கதை பாதியில் நின்றுவிடும். ரேட் உண்மையான இடத்துக்கு வந்ததும் உண்டியலுக்கும் வங்கிக்கும் இருந்த இடைவெளி சுருங்கியது. 2022இல் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலைக்காக வெளிநாடு போயிருந்தார்கள், அதுவும் சேர்ந்தது. வங்கி வழியாக வந்த பணம் 2023இல் 597 கோடி டாலராக ஏறியது. டாலர் வரத்து கூடியதில் ரூபாய் பலமாக ஆரம்பித்தது, 2023இல் மட்டும் 12 சதவீதம். மத்திய வங்கி இந்தத் தடவை சந்தையிலிருந்து டாலர் வாங்கிக் கையிருப்பை நிரப்பியது, இல்லாவிட்டால் ரூபாய் இன்னும் வேகமாக ஏறி, தைத்து ஏற்றுமதி செய்கிறவரின் கழுத்தைப் பிடித்திருக்கும். வரும்போது வாங்கி வைக்க வேண்டும் என்பது என் கட்சி. விழும்போது விற்றுத் தீர்ப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

இதில் அனுப்பியவர்களின் பக்கத்தைப் பாருங்கள். 360 இருந்தபோது அவர்களின் 300 டாலருக்கு வீட்டில் 1,08,000 ரூபாய் கிடைத்தது. 2024 இறுதியில் டாலர் 293 வாக்கில் இருந்தபோது அதே 300க்கு 87,900. மாதம் இருபதாயிரம் குறைவு, அதற்கேற்ப வீட்டுச் செலவு ஒன்றும் குறைந்துவிடவில்லை. பணம் அனுப்புகிறவர்கள் பேராசைக்காரர்கள், ரேட் ஏறினால்தான் அனுப்புவார்கள் என்று 2021இல் பேசியவர்கள் சொன்னது உண்மையாக இருந்திருந்தால் இந்த இரண்டு வருடத்தில் வங்கிகள் காலியாகியிருக்க வேண்டும். 2024இல் வங்கி வழியாக வந்தது 657 கோடி டாலர், முந்தைய ஆண்டைவிட 60 கோடி அதிகம். வெளியே கிடைக்கிற ரேட்டும் வங்கி ரேட்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்ததால், குறைந்த ரூபாயை வாங்கிக்கொண்டு வங்கி வழியாகவே அனுப்பினார்கள்.